பஞ்சநதத்துக்கு எழுதிய ஒப்பாரி

ராஜாங்கம் நாடகங்களுக்கு எழுதிய பாட்டுகளில் பெரும்பாலானவை நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. காதலி வந்தால் நிலவு வரும். ஏழை வந்தால் கண்ணீர் வரும். கட்சி மாநாட்டுக்கு எழுதியதாக இருந்தால் கடைசி அடியில் விடிந்துவிடும். அவரும் இதை மறைத்ததில்லை. "மெட்டு போட்டுக் குடுத்தா வார்த்தை வைக்கிறேன். சட்டை தைக்கிறவன் அளவு பாக்குற மாதிரி" என்பார். ஒரே ஒரு பாட்டை மட்டும் வேறு காரணத்துக்காக எழுதினார். அது ஒரு மனிதரை ஊர் நடுவில் உட்காரவைத்துச் சிறுமைப்படுத்துவதற்கான பாட்டு. அதற்காகவே பாட்டெழுதும் தொழிலைக் கற்றுக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மனிதர் சாத்தங்குறிச்சிப் பண்ணை பஞ்சநதம். திருவையாற்றுக்குக் கிழக்கே குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர் அது. ராஜாங்கத்தின் அப்பா ரெத்தினம் அந்தப் பண்ணையின் நாலு மா நஞ்சையை, விளைச்சலில் பங்கு அளக்கிற வாரத்துக்குப் பயிர் செய்தவர். சாகுபடி செய்கிறவனை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தபோது, அது ஊருக்குள் வந்து சேர்வதற்குள் வெளியேற்றிவிட வேண்டும் என்று பண்ணைகள் அவசரப்பட்டன. நிலத்தை விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். ரெத்தினம் மறுத்தார். தை மாதத்தில், கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றபோது, பண்ணை வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியது. ரெத்தினம் அரிவாள்களுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். காலில் கயிறு போட்டுக் களத்துமேடு வரைக்கும் இழுத்தார்கள். பஞ்சநதம் குடைக்குக் கீழே நின்று பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கடா, நெல்லுல மண்ணு விழுவுது" என்றார்.

அதற்குப் பிறகு ரெத்தினம் சரியாகச் சாப்பிடவில்லை. மாசி பிறக்கும் முன்பே செத்துப்போனார்.

கூலிக்காரர்கள் குடியிருந்த தெற்குத் தெருவில் பிணத்தைக் கிடத்தியிருந்தார்கள். ராஜாங்கத்தின் அம்மா ராசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாக உட்கார்ந்து அவள் குரலோடு சேர்ந்து இழுத்தார்கள். அப்போது பண்ணைக் காரியக்காரர் தியாகேசன் சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "அழுதது போதும். களத்துல அறுத்த தாள் அப்படியே கெடக்கு. பாடையில தூக்கி வச்சுட்டு வந்து சேருங்க" என்றார்.

சாவு வீட்டில் அழுகிறவளை யாரும் எழுப்பக் கூடாது. அவளாகப் பாடி முடித்து, அவளாகத் தோளிலிருந்து கையை எடுக்க வேண்டும். பண்ணைகள் இருந்த மேலத் தெருவிலும் தெற்குத் தெருவிலும் இது ஒரே வழக்கம்தான். அன்று தெற்குத் தெருவுக்கு மட்டும் அது இல்லாமல் போயிற்று. பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். வட்டம் பிரிந்தது. ராசம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. குரல் வரவில்லை. பாடைக்கு மூங்கிலை வெட்டிக்கொண்டிருந்த ராஜாங்கம் அதைப் பார்த்தார். அவருக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது.

பிறகு பல தடவை அம்மாவிடம் கேட்டார். "அன்னிக்கு அதுக்கு அப்புறம் என்னம்மா பாடியிருப்பே?"

"மறந்துபோச்சு" என்பாள்.

ஊரில் இருந்தால் பண்ணைக்குத்தான் உழைக்க வேண்டும். தஞ்சாவூருக்குப் போய் ஒரு நாடகக் குழுவில் திரை இழுக்கச் சேர்ந்தார் ராஜாங்கம். அங்கே ஆர்மோனியம் வாசித்தவர் முகம்மது யூசுப். அதிராம்பட்டினத்துக்காரர். வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர். ராஜாங்கத்துக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தது. பாட்டெழுதத் தெரியாது. தொழிலை அவர் யூசுப்பின் விரல்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். மெட்டு முதலில் வரும், வார்த்தை பின்னால் வரும். ராகம் நீள்கிற இடத்தில் நெடில் விழ வேண்டும். பாடுகிறவன் மூச்சு வாங்குகிற இடத்தில் சொல் முடிந்திருக்க வேண்டும். சிரிப்புப் பாட்டுக்கு வல்லெழுத்தும் குறிலும் வேண்டும், கூழாங்கல் தகரத்தில் விழுவதுபோல. இதெல்லாம் பெரிய ரகசியங்கள் அல்ல. பொறுமை உள்ள எவனுக்கும் வரும். ராஜாங்கத்துக்குப் பொறுமை நிறைய இருந்தது. கோபத்தைக் கெடாமல் வைத்திருக்கிறவர்களுக்கு அது இருந்தே தீரும்.

ஆட்சி மாறியது. பஞ்சநதம் வேட்டியை மாற்றினார். முன்பு வெறும் வெள்ளை கட்டியவர், இப்போது கட்சிக் கரை வைத்துக் கட்டினார். நில உச்சவரம்பு பற்றிப் பேச்சு வந்ததும், நிலங்களை மருமகன் பெயரிலும், சம்பந்தியின் பெயரிலும், ஊரில் யாரும் பார்த்திராத ஒரு சித்தப்பாவின் பெயரிலும் பினாமியாக எழுதி வைத்தார். சாகுபடிக்காரர்களின் பெயரைப் பதிவு செய்கிறோம் என்று அதிகாரிகள் வந்தபோது ராசம்மாளும் போய் நின்றாள். "இப்ப யார் பயிர் வைக்கிறா?" என்று கேட்டார்கள். பண்ணைதான் வைக்கிறது என்றாள். அதோடு அவளை அனுப்பிவிட்டார்கள்.

சட்டத்தின் வழியாக அந்த ஆளைத் தொட முடியாது என்று ராஜாங்கத்துக்குத் தெளிவாகிவிட்டது. அவர் கையில் ஒரே ஒரு கருவி இருந்தது. குழு அந்தச் சமயம் ஒரு புது நாடகம் எடுத்திருந்தது. அதில் கொடுமைக்காரப் பண்ணையார் ஒருவர் கடைசிக் காட்சியில் சாகிறார். அவர் மனைவி அழுகிறாள். அந்த அழுகையை ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிற பாட்டாக எழுதித் தருகிறேன் என்றார் ராஜாங்கம். நாடகப் பண்ணையாருக்குப் பஞ்சநதத்தின் குடையும், வெற்றிலையும், கனைப்பும் கொடுத்தாயிற்று. நாடகத்தைச் சாத்தங்குறிச்சி மாரியம்மன் திருவிழாவிலேயே முதலில் போட வேண்டும். பஞ்சநதம் முன்வரிசையில்தான் உட்காருவார். தன் சாவுக்கு ஊர் சிரிப்பதை உயிரோடு இருந்து கேட்பார். இதுதான் திட்டம்.

மெட்டை ராஜாங்கமே கொண்டுவந்தார். அம்மா அன்று பாடியது. யூசுப் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு விரலை எடுத்தார்.

"தம்பி, இது யார் வீட்டு மெட்டு?"

"ஏன் பாய்?"

"இது இழுக்குது. இழுக்குற எடத்துல எல்லாம் ஆவும் ஏயும் வந்து உக்காந்துக்கும். அப்புறம் நீ எதச் சொன்னாலும் ஜனம் அழுவும். சிரிப்புக்கு வேற மெட்டு தர்றேன், துள்ளிக்கிட்டு வரும். எடுத்துக்க."

"இதுதான் வேணும் பாய். எங்கப்பா செத்த மெட்டுல அவன் சாவணும்."

யூசுப் கொஞ்ச நேரம் பெட்டியின் துணியைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒனக்குப் பாட்டு வேணுமா, பழி வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கெடையாது" என்றார் யூசுப். ஆனால் வாசித்தார்.

பாட்டு இப்படி இருந்தது:

பத்து வேலி நஞ்செ பாக்க ஆளில்லாம
பாடையில படுத்தீரே பண்ணையாரே
வெத்தல வாயோட வீதியில நீர் வந்தா
வெடவெடத்து நின்னதய்யா தெருவெல்லாம்
தோளுத் துண்டெடுத்துக் கக்கத்துல வச்சோமே
யாருக்கு எடுக்கப்போறோம் இனிமேலே

ராஜாங்கத்துக்கு ஒவ்வொரு அடியும் ஒரு செருப்படியாகத் தோன்றியது. பெண் வேஷம் கட்டுகிற நல்லக்கண்ணு ஒத்திகையில் பாடியபோது குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பஞ்சநதத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். எதைச் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். ராஜாங்கம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

திருவிழாவில் பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. பஞ்சநதம் முன்வரிசையில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி ஆனந்தவல்லி பக்கத்தில். தியாகேசன் பின்னால் நின்றார். தெற்குத் தெரு ஜனங்கள் ஓரமாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ராசம்மாளும் இருந்தாள். குடையோடு நாடகப் பண்ணையார் வந்ததும் மணல் பக்கம் சிரிப்பு எழுந்தது. பஞ்சநதமும் சிரித்தார். திரைக்குப் பின்னால் ராஜாங்கம் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. நல்லக்கண்ணு தலையை விரித்துப்போட்டு முதல் அடியை எடுத்தான். மணலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இரண்டாவது அடியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது அடிக்கு, ராசம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் தம்மை அறியாமல் கூட இழுத்தார்கள். மெட்டு அவர்களுக்குத் தெரியும், அவர்கள் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனது. யூசுப் தலையைக் குனிந்தபடி வாசித்தார். ஊர் முழுக்க அழுதது.

பஞ்சநதமும் அழுதார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேடைக்கு ஏறி, பாட்டு எழுதியவனைக் கூப்பிடச் சொன்னார்.

"நம்ம ரெத்தினம் மவனா நீ? அடையாளமே தெரியல. நல்லா எழுதிருக்கேப்பா. வீதியில நான் வந்தா தெரு நடுங்கும்னு எழுதினே பாரு. இப்ப எவன் நடுங்குறான்? எல்லாப் பயலும் பீடியோட எதுக்க வர்றான். துண்ட எடுக்கிற காலமெல்லாம் போச்சு." சால்வையை ராஜாங்கத்தின் தோளில் போட்டார். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: "நான் செத்தா இந்தப் பாட்டத்தான் பாடணும். ஊர் சாட்சியா சொல்றேன்."

கைதட்டினார்கள்.

எந்தச் செயல்கள் ஒருவரை வெட்கப்படவைக்கும் என்று ராஜாங்கம் நினைத்தாரோ, அதே செயல்களை அந்த மனிதர் தன் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஏச்சையும் புகழையும் பிரிக்கிற கோடு எழுதுகிறவன் கையில் இல்லை. கேட்கிறவன் எதை வைத்து வாழ்கிறான் என்பதில் இருக்கிறது. பழி என்பது எதிரிக்குப் புரிந்தாக வேண்டிய ஒன்று. புரியாத பழி அவனுக்குக் கொடுத்த பரிசாகிவிடுகிறது. ராஜாங்கம் இதை இவ்வளவு நீளமாக யோசித்திருக்க மாட்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சால்வையை அடுப்பில் திணித்தார். ஜரிகை நாற்றம் எடுத்தது.

"நெலத்த எடுத்தான்" என்றார் அம்மாவிடம். "இப்ப அப்பாவுக்கு அழுத அழுகையையும் எடுத்துக்கிட்டான். நானே கொண்டுபோய்க் குடுத்தேன்."

ராசம்மாள் எழுந்தாள். புகை தாங்காமல் கதவைத் திறந்து வைத்தாள்.

பாட்டு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒரத்தநாட்டுப் பக்கமிருந்தெல்லாம் நாடகத்துக்கு அழைப்பு வந்தது. எங்கே போட்டாலும் கடைசிப் பாட்டுக்கு அழுதார்கள். சில ஊர்களில் பெரிய வீட்டுச் சாவுகளில் பெயரை மட்டும் மாற்றி அதையே பாடினார்கள். ராஜாங்கம் திரைக்குப் பின்னால் போய் நின்று காதைப் பொத்திக்கொள்வார். "வேற எழுதுங்க வாத்தியாரே" என்று நல்லக்கண்ணு சொல்வான். எழுதிப் பார்த்தார். வசை வந்தது, பாட்டு வரவில்லை. சாத்தங்குறிச்சியில் பஞ்சநதம் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வரப்பில் நடப்பதாகக் கேள்விப்பட்ட அன்று, குழு இறங்கியிருந்த இடத்தில் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தார்.

சில வருடங்கள் கழித்து, குறுவை நடவு சமயத்தில் பஞ்சநதம் செத்துப்போனார். காவேரியில் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்திருந்தன. ராஜாங்கம் ஊரில் இருந்தார். காலையில் தியாகேசன் தெற்குத் தெருவுக்கு வந்தார். அதே சைக்கிள்தான். முன்பெல்லாம் பண்ணையில் சாவு என்றால் தெற்குத் தெருப் பெண்கள் போய் வாசலில் உட்கார்ந்து அழுதாக வேண்டும். தெருமுனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடி ஏறிய பிறகு அந்தக் கட்டாயம் நின்றுபோயிருந்தது. எனவே இந்த முறை காரியக்காரர் சைக்கிளை விட்டு இறங்கிப் பேசினார்.

"ஐயா சொல்லிட்டுப் போயிருக்காங்கப்பா. ஒனக்குத் தெரியும். ஊரே கேட்டுச்சு. ஒன் பாட்டப் பாடணும். வேஷக்காரனுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"என் பாட்டு அங்க வராது."

"செத்தவங்ககிட்ட என்னப்பா கோவம்?"

"உயிரோட இருந்தப்ப புரியலையே. அதனாலதான்."

தியாகேசனுக்கு அதுவும் புரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து ராசம்மாள் வந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"நான் வர்றேங்க" என்றாள். "அந்த மெட்டு எனக்குத் தெரியும்."

"யம்மா, நீ போனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றார் ராஜாங்கம்.

"இரு, இல்லாட்டிப் போ. வந்தா வந்து கேளு."

தியாகேசனுக்கு நிம்மதியாகிவிட்டது. "ஆத்தா பாடினா போதும். நாலு பேரையும் சேர்த்துக் கூட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் யார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ரெத்தினம் செத்த அன்று இவளிடம் என்ன சொன்னோம் என்பதுதான் நினைவில்லை. அவர் அப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தார்.

பண்ணை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கட்சிக்காரர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் தப்புக்காரர்கள் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் ஆனந்தவல்லியைச் சுற்றி வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ராசம்மாளும் தெற்குத் தெருப் பெண்களும் பந்தலுக்கு வெளியே, மண்ணில், வட்டமாக உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று எழுந்து போனவர்களில் உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வீட்டைவிட்டுப் போகப்போவதாகச் சொன்ன ராஜாங்கமும் எதிர்ச் சாரியில் புளியமரத்தடியில் வந்து நின்றார்.

ராசம்மாள் எடுத்தாள். மெட்டைக் கேட்டதும், ஐயாவின் பாட்டு என்று பந்தலில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். தப்புக்காரர்கள் அவள் குரல் கேட்கட்டும் என்று அடியை நிறுத்தினார்கள்.

நாலு மா நஞ்செயில நட்ட பயிர் அறுக்குமுன்னே
நாலு பேரு தோளேறிப் போனீரே ரெத்தினமே
கட்டெறும்பு ஏறாம காத்தீரே கதிரையெல்லாம்
கட்டி இழுத்தாங்களே களத்துமேட்டு மண்மேலே

இரண்டாவது அடியில் வந்த பெயரைக் கேட்டுப் பந்தலில் ஒரு சலசலப்பு. நாலாவது அடியில் அது அடங்கிவிட்டது. யாருடைய கயிறு, யாருடைய களம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெற்குத் தெருப் பெண்கள் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திரும்ப இழுத்தார்கள். மாலையோடு வந்தவர்கள் மாலையைக் கீழே வைக்கவும் முடியாமல் போடவும் முடியாமல் நின்றார்கள்.

தியாகேசன் பந்தலிலிருந்து இறங்கி வந்தார். "ஏய், என்ன பாடுறே? எந்திரி. எந்திரிங்கடி எல்லாம்" என்றார்.

யாரும் எழவில்லை. ராசம்மாள் மூச்சு வாங்கினாள். நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

பந்தலுக்குள்ளிருந்து ஆனந்தவல்லியின் குரல் வந்தது. "அழுவுறவள எழுப்பாதீங்க, காரியக்காரரே. என் வீட்டுக்கு ஆகாது."

அவள் எதை நினைத்து அப்படிச் சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. வழக்கத்துக்குப் பயந்து சொல்லியிருக்கலாம். அந்தத் தை மாதம் அவளும் மாடியிலிருந்து பார்த்திருக்கலாம். அவளைப் பற்றி நல்லதாக எதையும் ஊகிப்பதற்கு ஆதாரம் இல்லை.

பெண்கள் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. வீட்டுப் பெண்கள் அரிசித் தட்டோடு வரிசையாக எழுந்தார்கள். ராசம்மாள் அதுவரை காத்திருந்தவள் போலக் குரலை உயர்த்தினாள். ராஜாங்கம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அடிகள் அப்போது வந்தன.

இழுக்கச் சொன்ன வாயிலே வாய்க்கரிசி விழும் வரைக்கும்
இருந்து நான் பாக்கணும்னு இருக்கேனே ரெத்தினமே
விழுகுது அரிசியின்னு வீடு வந்து சொல்லுறேனே
விட்ட அழுகை முடிஞ்சுதுன்னு விடைகுடுங்க ரெத்தினமே

வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த அரிசியைப் பார்த்தார்கள். போடாமல் இருக்க முடியாது. போட்டார்கள். ஒவ்வொரு பிடி விழும்போதும் வெளியே அந்த அடி திரும்ப வந்தது. கடைசிப் பெண் போட்டு முடித்த பிறகு ராசம்மாள் பக்கத்தில் இருந்தவளின் தோளிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். தப்பு மறுபடி தொடங்குவதற்கு வெகு நேரம் பிடித்தது.

புளியமரத்தடியில் நின்ற ராஜாங்கத்தைத் தாண்டித்தான் அவர்கள் போனார்கள். அவர் இத்தனை வருடம் தேடியது நடந்துவிட்டது. அதில் அவருடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை. இது அவருக்கு மகிழ்ச்சியாக இருந்ததா என்று பிறகு யூசுப் கேட்டபோது, "பாதி" என்றார்.

ராசம்மாள் வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வந்து சோறு வடித்தாள். இரண்டு தட்டிலும் போட்டாள்.

"அந்தக் கடைசி அடியெல்லாம் அன்னிக்கே இருந்துச்சாம்மா?"

"அதுல மொத ரெண்டு அடி இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் சைக்கிள்ல வந்து நின்னான். முழுங்கிட்டேன்."

"மறந்துபோச்சுன்னியே."

"ஒன்கிட்ட சொல்லியிருந்தா நாடகத்துல வச்சிருப்பே. அவன் அதுக்கும் ஒரு சால்வ போட்டிருப்பான்."

ராஜாங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என் பாட்டுல என்னம்மா கொற?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அவன் எப்படி நடந்தான், எப்படித் துப்புனான், எல்லாம் இருந்துச்சு. ஒங்கப்பன் இல்ல."

அவர் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சுதா அப்ப?" என்றார்.

"எப்படி முடியும்? சைக்கிள்காரன் இருக்கானே" என்றாள் ராசம்மாள். "அவனுக்கும் ரெண்டு அடி வச்சிருக்கேன்."

இது எப்படியோ தியாகேசன் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் தெற்குத் தெரு வழியாகப் போவதை விட்டார். களத்துக்குப் போக வேண்டுமானாலும் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். லேசாகக் காய்ச்சல் வந்தாலும் தஞ்சாவூருக்கு ஓடி, மகள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். ஊரில் சாகக் கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். நாடகம் போட்டு ஒரு மனிதரையும் பயமுறுத்த முடியாத ராஜாங்கம், தெருமுனையில் நின்று அவர் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அடிகள் என்னவென்று அம்மாவிடம் மறுபடி கேட்கவில்லை.